மனிதர் விலகி நிற்கவும்

மே 8, வெள்ளி. லீட்ஸ்

நாளை காலை கிராமத்துக்குப் புறப்படுகிறோம். இங்கிலாந்தில் இருக்கும் மகள் நித்திலாவும் மாப்பிள்ளை சுதாகரும் யார்க்ஷயர் மலைப் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு கல் வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது விடுமுறை. எனக்குப் பணி. எங்கள் கோவை ஒளிவட்ட நிழற்படக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப இந்த மாதக் கடைசிவரைதான் நேரம். மூன்று ஆண்டுகளாகப் பல் மருத்துவர் குமரவேலுதான் வெள்ளிப் பதக்கம் வாங்குகிறார். சுவிட்சர்லாந்தில் எடுத்த ஒரே பசுவை முதல் வருடம் ‘அமைதி’ என்றும், அடுத்த வருடம் ‘தாய்மை’ என்றும், போன வருடம் ‘காத்திருப்பு’ என்றும் பெயர் மாற்றி அனுப்பினார். நடுவர்கள் மூன்று முறையும் நெகிழ்ந்தார்கள்.

பசுவை ஆட்டால்தான் வெல்ல முடியும். இங்கே ஆடுகளுக்குக் குறைவில்லை என்கிறார்கள்.

என் கொள்கை கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் படத்தில் மனிதர் இருக்கமாட்டார். காமிரா பிடித்த நாள் முதல் ஒரு தலை உள்ளே வந்ததில்லை. மனிதர் வந்துவிட்டால் பார்ப்பவர் ‘இது யாரு?’ என்று கேட்பார். மலையைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஊர் திரும்பியதும் ஜூன் நான்காம் தேதி என் இதய வால்வில் ஒரு சிறு வேலை இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சின்ன வயசுக்காரர், ரப்பர் இதயம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பராமரிப்புப் பணி காரணமாக இன்ன பகுதிகளில் மின்தடை என்று நாளிதழில் அறிவிப்போம் அல்லவா, அதுதான். என்ன, மின்சாரம் திரும்ப வரும் நேரம் என்று நாங்கள் அச்சிட்டது ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

தெய்வானை பெட்டி அடுக்கினாள். என் வெள்ளைச் சட்டையையும் மயில்கண் வேட்டியையும் தேய்த்து மேலாக வைத்தாள்.

“மலைக்குப் போறவனுக்கு மயில்கண் வேட்டி எதுக்கு?”

“இருக்கட்டுங். ஒண்ணும் கனமில்லீங்.”

எதிலும் கேள்வி கேட்காதவள் இந்தப் பயணத்துக்கும் ஒரு கேள்வி கேட்காமல் சம்மதித்தாள். மனைவியர் வயதாக ஆகப் பக்குவப்படுகிறார்கள்.

என் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்காக அதன் பழக்கத்தைக் கெடுப்பானேன்.

மே 9, சனி. நெதர்பெக்

வந்து சேர்ந்தோம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கூண்டுக்குள் தொலைபேசி இல்லை, நாவல்கள் இருக்கின்றன. படிப்பவர் எவரும் தென்படவில்லை. ஆனால் எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள்.

மலை முழுக்கச் சிமெண்ட் இல்லாமல் கல்லை அடுக்கியே மதில் கட்டியிருக்கிறார்கள். அடுத்தவன் வயலுக்குள் புகுந்து நடப்பது இங்கே குடிமக்களின் உரிமை. அம்புக்குறி போட்டு வழியும் காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் இதே வழிக்கு மூன்று தலைமுறை வழக்கு நடக்கும்.

மாலையில் முதல் முயற்சி. மதில், அதன் பின்னால் சரிவு, சரிவில் ஆடுகள். எல்லாம் கூடி வந்தபோது தெய்வானை உள்ளே நின்றாள்.

“விலகு.”

“நான் எங்கீங் வந்தேன்? ஆடுதான் என்ற பக்கத்துல வந்துச்சு.”

விலகினாள். விலகிய கையோடு, “ஏனுங், நீங்க அந்தச் சொவத்துகிட்ட ஒருக்கா நில்லுங். நித்திலா ஒண்ணு எடுக்கட்டும்” என்றாள்.

சமையற்காரர் இலையில் ஏறி உட்கார்ந்துகொள்வதில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். “உட்கார வேண்டாமுங், நின்னாப் போதும்” என்றாள்.

மே 10, ஞாயிறு

மழை.

மே 11, திங்கள்

மழை. வெளியே போக முடியாததால் குடும்பப் பேச்சு நடந்தது. ஈரமான ஊர்களில் இந்த ஆபத்து உண்டு.

நித்திலா தன் பெரியப்பாவின் படத்தைப் பற்றி எடுத்தாள். என் அண்ணன் மாரப்பன் இரண்டு வருடம் முன்பு காலமானார். சொந்தபந்தம் வாசலில் நிற்கிறது, மாலை வந்துவிட்டது, மாலை போடப் படம் இல்லை. வீடு முழுக்கத் தேடியும் அவரது குடும்ப அட்டைதான் கிடைத்தது. அந்தப் பதற்றத்திலும் நான் நிதானம் இழக்கவில்லை. பழைய பெட்டியிலிருந்து ஏதோ ஒரு கல்யாணக் கும்பல் படத்தை எடுத்து, கத்திரிக்கோலால் அண்ணனை மட்டும் அளவாக வெட்டி ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே குறை: அண்ணன் தோளில் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. அதை வெட்டினால் காதும் போயிருக்கும். கையில் எச்.எம்.டி. கடிகாரம், அந்தக் காலத்தில் யார்தான் அதைக் கட்டவில்லை. இன்றுவரை யாருடைய கை என்று தெரியாது. திதிக்கு மாலை போடும்போது கைக்கும் சேர்த்தே விழுகிறது.

நான் இதைச் சொல்லி முடித்தபோது தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாமா, உங்க படம் ஏதாச்சும் நல்லதா இருக்குதுங்களா?” என்றார் மாப்பிள்ளை. சொன்ன மறுநொடி துள்ளினார். மேசைக்குக் கீழே நித்திலாவின் கால் நீளமானது.

“பாஸ்போர்ட்ல இருக்குது” என்றேன். மின் திருட்டில் பிடிபட்டவன், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்குச் சற்று முன்பு எடுத்தது போல இருக்கும். ஆனால் குடியேற்ற அதிகாரிகள் ஒருவரும் குறை சொன்னதில்லை.

“அதுக்கு முன்னாடி?” என்றாள் தெய்வானை.

“காமிராவுக்குப் பின்னாடி நிக்கறவனுக்குப் படம் எப்படி இருக்கும்?”

“அதைத்தானுங் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போனாள்.

மே 12, செவ்வாய்

வெயில் என்று சொல்ல முடியாது. மழை இல்லை.

காலையிலிருந்து மதிலோரம் காமிரா முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கீற்று ஒளி சரிவில் விழ வேண்டும். விழும் இடத்தில் ஓர் ஆடு நிற்க வேண்டும். அது என்னைப் பார்க்கக் கூடாது. அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆடுகளின் சொந்தக்காரர் ஆர்மிடேஜ் வந்தார். எழுபது வயதிருக்கும். வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஆடு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார். படம் எடுக்க என்றேன். ஆட்டையா என்றார். வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறேன் என்று விளக்கினேன். வானத்தைப் பார்த்தார். “எழுபத்தாறாம் வருடம் வெயில் நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் என் குடும்பத்தார் தொல்லை. நித்திலா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வருகிறாள், மாப்பிள்ளை இடது பக்கம் வருகிறார். தெய்வானை எதிரே வந்து, “ஏனுங், தாடி கொஞ்சம் இருக்குதே, சவரம் பண்ணிக்கறீங்களா?” என்கிறாள். ஆட்டுக்கு ஆட்சேபம் இல்லாதபோது உனக்கென்ன என்றேன்.

“அப்பா, ஒருக்கா இந்தப் பக்கம் பாருங்கப்பா.”

“எதுக்கு?”

“சும்மா.”

சும்மா என்ற காரணத்துக்காக இந்தியாவிலிருந்து யாரும் லென்ஸ் தூக்கி வருவதில்லை. திரும்பவில்லை.

மே 13, புதன்

நேற்றைய ஆட்டை மாப்பிள்ளையும் எடுத்ததாகச் சொன்னார். கோணம் எப்படி என்று பார்க்க, அவர் மேசையில் வைத்துவிட்டுப் போன கைப்பேசியைத் திறந்து காட்டச் சொன்னேன். நித்திலா ஏதோ நினைவில் திறந்து கொடுத்துவிட்டாள்.

ஓர் ஆடும் இல்லை. எல்லாம் நான். முக்காலிக்குக் குனிந்திருக்கும் நான், பின்புறமாக. வாய் திறந்து வானத்தைப் பார்க்கும் நான். மூக்கைச் சிந்தும் நான். லண்டன் விமான நிலையத்தில் தொடங்கி நேற்றுவரை, விரலால் தள்ளத் தள்ள முடியவேயில்லை. ஒன்றுகூடக் குவியத்தில் இல்லை, எல்லாம் மங்கல். எல்லாவற்றிலும் நான் எங்கோ போய்க்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளி வாங்கப்போகும் கலைஞன் எப்படி வேலை செய்கிறான் என்பதை இவர்கள் எனக்குத் தெரியாமல் பதிவு செய்கிறார்கள். பாராட்டு விழாவில் திரையிட எண்ணமாக இருக்கலாம். பெருமையாகத்தான் இருந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனாலும் சாயங்காலம் சவரம் செய்துகொண்டேன்.

மே 14, வியாழன்

மதில்களைத் தாண்ட ஏணிப்படி மாதிரிக் கற்களை நீட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு படிதான். இன்று மூன்றாவது படியில் சற்று உட்கார்ந்தேன். காட்சி நன்றாக இருந்தது. மூச்சும் கொஞ்சம் வரவில்லை. இங்கே காற்றின் ஈரப்பதம் அதிகம்.

தெய்வானை பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை என் முதுகைத் தாங்கிக்கொண்டார். நித்திலா எதிரே கைப்பேசியைத் தூக்கியபடி வந்தவள், கையைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். எதற்கென்று தெரியவில்லை.

“அழுவாதே கண்ணு” என்றாள் தெய்வானை. “இந்த மூஞ்சி வேண்டாம். நல்ல மூஞ்சியா ஒண்ணு கெடைக்கும், இரு.”

என் காதில் விழாது என்று நினைத்திருக்க வேண்டும். மூச்சுக்குத்தான் சிரமம். காதுக்கு ஒன்றுமில்லை.

ஆர்மிடேஜ் தன் வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார். பின்னால் ஒரு செம்மறிக் குட்டி இருந்தது. வழி நெடுக என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டு வந்தது. காமிரா மாப்பிள்ளையிடம் இருந்தது.

மே 15, வெள்ளி

நாளை காலை வீட்டை ஒப்படைக்க வேண்டும். எனவே கடைசி வாய்ப்பு. யாரையும் எழுப்பாமல் விடியலில் கிளம்பினேன். என் கடிகாரத்தில் ஒன்பதரை; இங்கிலாந்தில் ஐந்து. படி ஏறவில்லை; கீழ்வழியாகவே மதிலுக்குப் போனேன்.

இருபது வருடக் காத்திருப்பில் ஒருமுறை வரும் காலை. பள்ளத்தாக்கில் பனி, மேலே மதில், அதற்கும் மேலே மேகம் பிளந்து ஒரு கீற்று. கீற்றின் நடுவில் ஓர் ஆடு. என்னைப் பார்க்கவில்லை. மூச்சை நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திய கணத்தில் பனிக்குள்ளிருந்து தெய்வானை வந்தாள். ஒரு கையில் ஃபிளாஸ்க். மறு கையில் என் குரங்குக் குல்லா.

“நாப்பது வருஷக் கொள்கை!” என்று கத்தினேன். ஆடு ஓடிவிட்டது.

“கொள்கைக்குக் குளுருதுங்களா? மொதல்ல காதை மூடுங்.” குல்லாவை மாட்டிவிட்டாள். “சொல்லாமக் கொள்ளாம வந்தா ஊட்ல இருக்கறவளுக்கு வெசனமா இருக்காதுங்களா?”

மதில் காலடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து காப்பி ஊற்றினாள். இனி மறைத்துப் பயனில்லை என்று நேரடியாகக் கேட்டேன்.

“எதுக்கு எல்லாரும் ஒரு வாரமா என்ற பொறத்தாலயே சுத்தறீங்க?”

“ஒரு படத்துக்குத்தானுங்.”

“என்ன படம்?”

அவள் ஆடு நின்ற இடத்தைப் பார்த்தாள். “மாட்டற படம்.”

பாராட்டு விழா இல்லை என்று தெளிவாயிற்று.

“நான் சாகப்போறேன்னு எந்த டாக்டர் சொன்னான்?”

“ஒருத்தரும் சொல்லலீங். நல்லா ஆயிருமுன்னுதான் சொல்றாங்க. அதுக்காக ஒரு படம்கூட இல்லாம உள்ள அனுப்பட்டுங்களா? மச்சாண்டாருக்குப் பண்ணுன மாதிரி, ஆளுக வந்து நின்னதுக்கப்புறம் கத்திரிக்கோலைத் தேடோணுமா?” காப்பியை நீட்டினாள். “கொடை கொண்டுட்டுப் போனா மழை வராதில்லீங். அது மாதிரிதான். படம் இருந்துச்சுன்னா தேவைப்படாது. நீங்களும் சரின்னு ஒரு வார்த்தை டாக்டருகிட்டச் சொல்லீருவீங்.”

இந்த வட்டாரத்தில் ஒரு வாரமாகக் குடையோடுதான் நனைந்துகொண்டிருக்கிறோம். அதை அவளுக்கு எடுத்துச் சொல்லும் நேரமல்ல என்பதால் பேச்சைத் தொழில்நுட்பத்துக்குத் திருப்பினேன்.

“அண்ணன் படத்துக்கு என்ன குறை? அந்தக் கை மட்டும் இல்லீன்னா முதல்தரமான படம்.”

“அந்தக் கை யாருதுன்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா?”

“யாரோ சொந்தக்காரன்.”

என் இடது கையைப் பிடித்து ஸ்வெட்டரை முழங்கைவரை தள்ளினாள். “இந்த வாட்ச்சு எங்கப்பா சீர் குடுத்தது. நம்ம கண்ணாலத்தன்னைக்கு மச்சாண்டாரு தோள்ல கையைப் போட்டுட்டு நின்னது நீங்கதானுங். உங்களுக்குன்னு இருந்த நல்ல படம் அது ஒண்ணுதான். சிரிச்சுட்டு வேற இருந்தீங். நீங்களே கத்திரிச்சுக் குப்பையில போட்டீங்.”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி, இந்திய நேரம்.

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“அண்ணன் போன ஊட்டுல நின்னுட்டு, ஏனுங் உங்க மூஞ்சியக் கத்திரிச்சுட்டீங்கன்னு சொல்றதுங்களா?”

“அப்ப ரெண்டு வருசமா எனக்கும் சேத்துத்தான் மாலை போட்டுட்டு இருக்கறமா?”

“கைக்கு மட்டுந்தானுங். மீதிக்கு இன்னும் நாளிருக்குது. குடிங், ஆறுது.”

அந்த வெட்டு கலை இலக்கணப்படி சரியானதே. அண்ணன்தான் படத்தின் பொருள், மற்றவை இடைஞ்சல். இதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு படம் எடுக்கவில்லை. வெளிச்சம் மிக நன்றாக இருந்தது.

மே 16, சனி

பத்து மணிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். எட்டு மணிக்கு நான் மயில்கண் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆட்டு வயலுக்குள் போனேன். எடுப்பது என்று ஆனபின் அரைகுறையாக எடுக்கக் கூடாது. மதில் பின்னணி, மேகத்தால் சலித்த வெளிச்சம், கழுத்தளவில் காமிரா. மாலை தொங்குவதற்கு மேலேயும் பக்கத்திலும் இடம் விட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பெரும்பாலான படங்களில் மாலை தாடையை மறைத்துவிடுகிறது; யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

“மாமா, இதெல்லாம் பேசோணுங்களா?” என்றார்.

“பிழையில்லாமப் பண்ணோணுமா வேண்டாமா?”

வேட்டி காற்றில் பறந்ததைப் பார்த்து ஆர்மிடேஜ் வேலிக்கு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அதற்கு மட்டும் வரவில்லை. ஏதோ தடுமாறி, வீட்டில் மாட்டிவைக்க ஒரு படம், எப்போதாவது தேவைப்படும் என்றார். ஆர்மிடேஜுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார்.

“எனக்கும் ஒன்று தேவைப்பட்டது, மூன்று வருடம் முன்பு. என் மனைவிக்கு” என்றார். “வீட்டில் இருந்த படங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஆடுகள்.”

அந்தச் சமயத்தில், குவியம் சரிபார்க்க யாராவது நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது என் நினைவுக்கு வந்தது. தெய்வானையை உட்காரச் சொன்னேன்.

“என்ற மூஞ்சி எதுக்குங்? உங்க படத்துக்குத்தானே வந்தோம்?”

“வெளிச்சச் சோதனை. அந்த மழைக்கோட்டைக் கழட்டு.”

உள்ளே அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். அந்த மதிலுக்கு அரக்கு பொருந்தும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்று எடுத்தேன். முகத்தை மதிலுக்கு எதிராகத் திருப்பி ஒன்று. கண்ணாடி இல்லாமல் ஒன்று. ஆட்டைப் பார்க்கச் சொல்லி ஒன்று.

“எத்தனை சோதனைங்?”

“வெளிச்சம் மாறிட்டே இருக்குது.”

“அப்பா, வெளிச்சம் மாறவே இல்லீங்கப்பா” என்றாள் நித்திலா. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒளியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முந்தானை ஒரு பக்கம் சரிந்திருந்ததால் நான் போய்த் தோளில் சரிசெய்தேன். “கூச்சமா இருக்குதுங், அந்த வெள்ளைக்காரர் பாக்கறாரு” என்று சொல்லிச் சிரித்தாள். அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை பொத்தானை அழுத்திவிட்டார்.

“தெரியாம அமுக்கிட்டனுங் மாமா.”

பார்த்தேன். தொழில்நுட்பப் பிழை. ஓரத்தில் என் கை மட்டும் வந்திருக்கிறது. அழிக்க நேரமில்லை.

பிறகு நான் உட்கார்ந்தேன். மூன்று எடுத்தார்கள். மூன்றிலும் துணை மின்நிலையம் திறந்துவைக்க வந்தவன் போல இருக்கிறேன். தெய்வானை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“இது போதுமுங். ஒரு மரியாதை இருக்குது.”

வண்டியில் வரும்போது மருத்துவமனைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். தேதி எனக்கு வசதிதான் என்று. மற்றபடி வழியில் விசேஷம் இல்லை. மழை.

மே 29, வெள்ளி. கோயம்புத்தூர்

கண்காட்சிக்குப் படம் அனுப்பினேன். ஒரு வாரத்தில் எடுத்தவற்றில் குவியம் சரியாக இருந்தது ஒன்றுதான்: விடியல், மதில், கீற்று, ஆடு, ஃபிளாஸ்க்கோடும் குல்லாவோடும் தெய்வானை. கொள்கையை விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகத் தலைப்பை ‘ஆடு’ என்று வைத்தேன்.

ஜூன் 3, புதன். மருத்துவமனை

நாளை. தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறாள். மருத்துவமனையில் எதற்கு அவரைக்காய் என்று கேட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குதுங் என்றாள். கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். கட்டிக்கொண்டாள். பெரிதாக இருக்கிறது.

ஜூன் 4, வியாழன்

பராமரிப்புப் பணி காரணமாக இன்று காலை முதல் மின்தடை. பணி முடிந்தவுடன் வினியோகம் தொடரும்.

ஜூன் 13, சனி

மின்சாரம் வந்துவிட்டது. வோல்டேஜ் குறைவு.

ஜூன் 27, சனி

கண்காட்சி முடிவு வந்தது. வெள்ளி, குமரவேலு. அதே பசு. இம்முறை தலைப்பு ‘விடைபெறுதல்’. எனக்கு ஒன்றுமில்லை. நடுவர் குறிப்பு மட்டும் அனுப்பியிருந்தார்கள்: “பனியில் நடந்துவரும் பெண்மணி அருமை. ஆடு கவனத்தைச் சிதறடிக்கிறது. தவிர்த்திருக்கலாம்.”

ஜூலை 3, வெள்ளி

முதல் முறையாகத் தெருமுனைவரை நடந்தேன். ஸ்டுடியோ அங்கேதான் இருக்கிறது. என் படத்தைச் சட்டம் போட்டு வாங்கித் தெய்வானையிடம் கொடுத்தேன். அவள் அதைப் பழைய போர்வையில் சுற்றி பீரோவின் அடியில் வைத்தாள். “வேலை வர்றப்ப எடுத்துக்கலாமுங்” என்றாள். வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். பல மாதங்களாக அவள் பகலில் தூங்கிப் பார்த்ததில்லை.

அங்கே இன்னொரு படத்தையும் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். வெளிச்சச் சோதனையில் ஒன்று. ஸ்டுடியோக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சார், அம்மா தோள் மேல யாரோ கை இருக்குதுங். எடுத்துரட்டுங்களா? கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசம்” என்றார்.

“வேண்டாம். இருக்கட்டும்.”

ஜூலை 6, திங்கள்

காலையில் ஸ்டுடியோ ஆள் வந்து படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனான். தெய்வானை கடைக்குப் போயிருந்தாள்; வந்தவள் கவனிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினோரு மணிக்குக் கிணத்துக்கடவிலிருந்து ஒன்றுவிட்ட மாமா என்னை நலம் விசாரிக்க வந்தார். செருப்பைக் கழற்றினார். ஆப்பிள் பையோடு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மெல்ல வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“ஏ மாப்ளே… உனக்குத்தானே ஆப்பரேசன்னாங்க?”

“வாங் மாமா” என்று காப்பியோடு தெய்வானை வந்தாள். ஆப்பிள்கள் கூடமெங்கும் உருண்டன.

அவரைத் தெளியவைத்து, விசிறி போட்டு, நடந்ததைச் சொல்லவே அரை மணி ஆயிற்று. உசுரோட இருக்கற பொம்பளையத் தனியாச் சொவுத்துல மாட்டற கெரகத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். பிறகு காப்பியைக் குடித்துக்கொண்டே இன்னொரு முறை படத்தைப் பார்த்தார்.

“அது செரி. தோள் மேல அந்தக் கை யாருது?”

தெய்வானை என்னைப் பார்க்காமல், ஆப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“தெரியலீங் மாமா. யாரோ சொந்தக்காரங்க.”

அவர் போனதும், நாலு பேர் வந்துபோற இடம், மொதல்ல அதைக் கழட்டுங் என்று ஆரம்பித்தாள். இப்போதும் சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். நான் ஏணியில் ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதில் நான் முழுமனதோடு கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான்.